கெப்பை உயர்த்தப் போகும் தம்பிமாருக்கு

பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை கெப் ஓட்டும் தம்பிமார் எல்லாருக்கும்,



மாரி வரப்போகிறது. பெரும்போக விதைப்புக்கு வட்டைக்குள் இறங்கமுதல் கெப்பைக் கராஜில் விட்டுச் சரிபார்க்கும் காலம் இது. கராஜ் வாசல்களில் இப்போது கேட்கும் பேச்சு ஒயில் மாற்றுவதைப் பற்றியதாக இல்லை. இரண்டு அங்குலம் தூக்குவோமா, நான்கு அங்குலமா? முன்னுக்கு இரும்புப் பம்பர் அடிப்போமா? டயரை 33 அங்குலமாக்குவோமா? இதுதான் பேச்சு.

அதற்குக் காரணம் எனக்கு விளங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தாலும், வரியோடு சேர்ந்த விலையில் புதிய டபுள் கெப் ஒன்றை வாங்கக்கூடியவர் நம்மில் மிகச் சிலர். இருக்கிற வண்டியைத்தான் இன்னும் பல வருடம் ஓட்டவேண்டும். அதை நம் தேவைக்கேற்பத் திருத்தி எடுப்போம் என்று நினைப்பது நியாயமான எண்ணம். அதற்கு இலட்சக்கணக்கில் காசு இறங்குகிறது. அந்தக் காசு எதில் முதலில் இறங்கவேண்டும் என்பதில் என் மனதில் உள்ளதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் டயர். அடுத்து சொக்கும் ஸ்பிரிங்கும். கடைசியாகப் பம்பர், அதுவும் தேவையென்றால் மட்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. பம்பர் கண்ணுக்குத் தெரிவதால் முதலில் வருகிறது, அதன் பாரத்தில் வண்டியின் மூக்கு தாழ்ந்ததும் தூக்குகிறார்கள், தூக்கிய வண்டிக்குச் சின்ன டயர் அழகில்லை என்று பெரிய டயர் போடுகிறார்கள். ஒன்றை மறைக்க மற்றொன்றாகச் செலவு ஏறிக்கொண்டே போகிறது.

நம் நிலத்தை முதலில் பாருங்கள். கடற்கரையிலிருந்து மேற்கே சில கிலோமீற்றருக்குள் மூன்று வகைத் தரை. கடலோரம் உப்பு மணல். நடுவில் ஏ-4 கார்பட் ரோட்டும், வீட்டுக்கு வீடு ஒட்டிய ஊர்களும். அதற்கப்பால் கல்லோயாத் தண்ணீர் பாயும் களிமண் வட்டை, கிறவல் ரோட்டு, வாய்க்கால் கட்டு. யூடியூப்பில் ஆஸ்திரேலியாக்காரர் காட்டும் வண்டி நாள்கணக்கில் ஒரே பாலைவனத்தில் ஓடுவது. நம் கெப் விடியற்காலை கடற்கரையில் மீன் பெட்டி ஏற்றி, பகலில் பசளையோடு வட்டைக்குள் போய், பின்னேரம் பிள்ளைகளை டியூசனில் இறக்கும். மணலுக்கு வேண்டியது களிக்கு ஆகாது, களிக்கு வேண்டியது நனைந்த கார்பட்டுக்கு ஆகாது. மூன்றிலும் ஓட்டினாலும் கூடுதலான நேரம் ஓடுவது கார்பட்டில்தான். டயர் தெரிவு இந்த உண்மையிலிருந்து தொடங்கவேண்டும்.

எம்.டி. என்னும் சேற்று டயரின் கட்டைகள் பெரியவை, காடிகள் அகலமானவை. சக்கரம் சுழலும்போது காடிக்குள் சிக்கிய சேற்றை வெளியே எறிந்து, அடுத்த சுற்றில் புதுக் கட்டையால் பிடிக்கும். களி வட்டையில் இது பெரிய உதவி. ஆனால் அதே அகலக் காடியால், மழையில் நனைந்த கார்பட்டில் தரையைத் தொடும் றப்பர் குறைவு. பிரேக் பிடித்தால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடும். காரைதீவுச் சந்தியில் மழை நாளில் முன்னால் போகும் முச்சக்கரவண்டி சட்டென்று நின்றால் அந்தக் கூடுதல் தூரம் உங்களிடம் இருக்காது. எல்லாத் தரைக்குமான ஏ.டி. டயர் எதிலும் முதலிடம் எடுக்காது, எதிலும் கைவிடவும் மாட்டாது. நம்மில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஏ.டி. போதும் என்பது என் உறுதியான கருத்து. மாரி முழுக்க வட்டையே தொழில் என்று இருப்பவர் எம்.டி.யை வேறு நாலு ரிம்மில் ஏற்றி வைத்து, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடலாம். வருடம் முழுதும் எம்.டி.யில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் ஓடுவது தேய்மானத்துக்கும் சத்தத்துக்கும் காசு கொடுப்பதுதான்.

மணலில் டயரின் வகையைவிடக் காற்றுத்தான் பேசும். ரோட்டில் 35 இறாத்தல் அடித்து ஓடும் டயரை 18 அளவுக்கு இறக்கினால் தரையில் பதியும் தடம் நீளும், பாரம் பரவும், வண்டி மணலின் மேல் ஏறி ஓடும். 35 இறாத்தலோடு மணலில் இறங்கி, புதைந்ததும் அக்சிலரேட்டரை மிதித்தால் எம்.டி.யின் கட்டைகள் கிணறு தோண்டும். ஒலுவில் பக்கமும் நிந்தவூர் பக்கமும் கடல் அரித்து ஒடுங்கிப்போன கரையில் அப்படிப் புதைந்த வண்டிக்கு அடுத்த அலை வரும்வரைதான் அவகாசம். சிகரெட் லைட்டரில் செருகும் நல்ல கம்பிரெசர் ஒன்றும், காற்றளக்கும் மீற்றர் ஒன்றும் பெரிய டயர் வாங்கும் காசில் மிகச் சிறிய பங்கு. வாங்கி வையுங்கள். ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி அடித்துவிடவேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஹைலக்ஸ் விகோவிலும் ரெவோவிலும் பரவலாக வரும் 265/65ஆர்17 டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். அதை 285/70ஆர்17 ஆக்கினால் 831. கூடிய 55 மில்லிமீற்றரில் பாதி, ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவு, அதுதான் டிஃபுக்கு அடியில் கிடைக்கும் கூடுதல் இடைவெளி. அதற்கு ஈடாக ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது வண்டி 64க்கு மேல் ஓடும். சக்கரம் பாரமாவதால் பிரேக்குக்கும் பெயரிங்குக்கும் கியருக்கும் வேலை கூடும், டீசல் கூடும், ஸ்டியரிங்கை முழுதாக வெட்டினால் டயர் மட்காட்டில் உரசும். 265/70ஆர்17 என்றால் உயரம் 803. இடைவெளியில் அரை அங்குலம் கிடைக்கும், உரசல் பெரும்பாலும் இல்லை, ஸ்பீடோமீற்றர் வித்தியாசம் நூற்றுக்கு மூன்றரை. இந்த ஒரு படி ஏற்றம் நியாயம். அதற்குமேல் போவதற்கு நம் வட்டை ரோட்டில் காரணம் எனக்குத் தெரியவில்லை.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் கையை வைத்து எழுத்துக்களை வாசியுங்கள். அளவுக்குப் பக்கத்தில் 112எஸ் என்று இருந்தால், அந்த 112 என்பது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்பதன் குறி. மலிவாகக் கிடைக்கும் கார் வகை டயரில் இந்த எண் குறைவாக இருக்கும். நெல் மூடை ஏற்றும் வண்டிக்கு அது ஆகாது. டீ.ஓ.டி. என்ற எழுத்துக்களில் தொடங்கும் வரியின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கட்டை புதிதுபோல இருந்தாலும் பழைய டயரின் பக்கச் சுவரை விரலால் மடக்கிப் பாருங்கள், மயிரிழை வெடிப்புகள் தெரியும். நம் வெயிலும் உப்புக்காற்றும் நிறுத்தி வைத்த டயரையும் தின்னும். டெக் அடித்த, அதாவது பழைய டயரில் புது றப்பர் ஒட்டிய டயரை லொறிக்காரர் பின்சக்கரத்தில் போட்டு ஓடுகிறார்கள் என்பதற்காக, காற்றை இறக்கி மணலில் ஓடும் கெப்பின் முன்சக்கரத்தில் போடவேண்டாம். காற்றுக் குறையும்போது வளையும் இடத்தில்தான் ஒட்டு விடும்.

பம்பரைக் கடைசியில் வாங்கச் சொன்னேன், ஆனாலும் அதை இப்போதே பேசிவிடுகிறேன். உயரத்தைப் பற்றித் தொடங்கினால் வேறிடத்துக்குப் போய்விடுவேன்.

கங்காரு குறுக்கே பாயும் ஆஸ்திரேலிய வெளிகளில் ரேடியேட்டரைக் காப்பாற்ற வந்தது இந்த இரும்புப் பம்பர். நல்ல கொம்பனி செய்யும் பம்பர், வண்டியின் காற்றுப்பை எந்த நேரத்தில் விரியவேண்டும் என்பதைச் சோதித்து, மோதும்போது மடங்கும் தாங்கிகளோடு வரும். நம் பகுதியில் குழாய் வளைத்து அடிக்கும் பம்பரில் அந்தச் சோதனை எதுவும் இல்லை. சேசிஸின் முன்முனை மோதலில் நசுங்கி விசையை உறிஞ்சுவதற்காகவே மெல்லியதாகச் செய்யப்பட்டது. அதன் மேல் தடித்த இரும்பை நேரே ஒட்டவைத்தால் நசுங்கவேண்டியது நசுங்காது, அடி உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்கு வரும். கராஜ் ஒன்றில் பம்பர் கைகளைச் சேசிஸில் நேராக வெல்ட் பண்ணியிருந்ததைப் பார்த்தேன். சூடு பட்ட இடத்தில் இரும்பு நொய்ந்து, வெல்டுக்குப் பக்கத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. அந்த வண்டிக்காரர் அதைக் கறள் என்று நினைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்.

வெளியே நிற்பவரின் கதை இன்னும் கொடியது. கல்முனை ஸாஹிறாவும் மஹ்மூத் பாலிகாவும் விடும் நேரத்தில் பிரதான வீதியை நினைத்துப் பாருங்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிளின் முன்டேங்கில் பிள்ளை, கையைப் பிடித்து நடக்கும் உம்மாமார். தூக்கிய கெப்பின் குழாய்ப் பம்பர் நிற்கும் உயரத்தில் எட்டு வயதுப் பிள்ளையின் நெஞ்சும் தலையும் இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரும் பொனட்டும் மடங்கி விசையை வாங்கும், இரும்பு வாங்காது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இந்த முன்கம்பிகளுக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய வீதிப் போக்குவரத்து அமைச்சு இவற்றைக் கழற்றவைக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. நம் நாட்டிலும் 2025 தொடக்கத்தில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் பஸ்ஸிலும் முச்சக்கரவண்டியிலும் பூட்டியிருந்த அனுமதியற்ற சாமான்களைப் பொலிஸார் கழற்றவைத்தார்கள். பம்பரோ உயரமோ எதை மாற்றுவதென்றாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் சொல்லுங்கள். விபத்துக்குப் பிறகு சொல்லிப் பயனில்லை.

யானைக்காக என்பார்கள் சிலர். அம்பாறை ரோட்டிலும் பாணம ரோட்டிலும் இரவில் யானை நிற்கிறது, உண்மை. தொன் கணக்கான யானையை எந்தப் பம்பரும் நிறுத்தாது. அங்கே உயிரைக் காப்பது வேகக் குறைவும், தூரத்திலேயே விளக்கைத் தணித்து நிறுத்திக் காத்திருப்பதும்தான்.

வின்ச் பூட்டுவதற்காகப் பம்பர் என்பார் இன்னொருவர். வின்ச் கம்பியை எதில் கட்டுவது? கரைவாகு வட்டைக்குள் நடுக்கண்டத்தில் புதைந்த வண்டிக்குக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேளாண்மைதான், மரமில்லை. வாய்க்கால் கட்டில் நிற்கும் மருதமரம் வரைக்கும் கம்பி எட்டாது. பம்பரும் வின்ச்சும் சேர்ந்து நூறு கிலோவை முன்சக்கரத்தில் ஏற்றிவிட்டு, கடைசியில் பக்கத்து வட்டையில் நிற்கும் உழவு மெசின்காரரைத்தான் கூப்பிடப் போகிறீர்கள். அவர் இழுக்க உங்கள் வண்டியில் வேண்டியது சேசிஸில் சரியான போல்ட்டுகளால் பூட்டிய, பாரம் குறித்த கொக்கி முன்னுக்கொன்று பின்னுக்கொன்று, அகலமான நல்ல பட்டி ஒன்று. சங்கிலி வேண்டாம். டிரெய்லர் பூட்டும் உருண்டையில் பட்டியைப் போட்டு இழுக்கவே வேண்டாம். அது உடைந்து பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களைப் பட்டியின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள். நம் ஆட்கள் கிட்டே வந்து நின்று "இழு, இழு" என்று கத்துவது பழக்கம். விடாதீர்கள்.

இனி ஸ்பிரிங், சொக், உயரம்.

எந்த வண்டி என்பதைப் பொறுத்து வழி மாறும். பழைய எல்.என்.106 ஹைலக்ஸுக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் தகடு. நிஸான் டீ22, பழைய எல்200, முதல் டீ-மெக்ஸ் ஆகியவற்றுக்கு முன்பக்கம் டோர்ஷன் பார். 2004இல் வெளிவந்த விகோவிலிருந்து ஹைலக்ஸுக்கு முன்னே சுருள் ஸ்பிரிங், பின்னே தகடு. டோர்ஷன் பார் வண்டிக்காரருக்குக் கராஜில் சொல்லும் மலிவான வழி, போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தை உயர்த்துவது. காசில்லாமல் இரண்டு அங்குலம்! ஆனால் அப்படி உயர்த்தினால் பார் பலமாவதில்லை. சக்கரம் பள்ளத்துக்குள் கீழே இறங்கும் ஓட்டம்தான் போய்விடுகிறது. கிறவல் குழியில் சக்கரம் தொங்கி, மேல் கை நிறுத்தியில் டக்கென்று அடிக்கும். அந்த அடி ஒவ்வொன்றும் போல் ஜொயின்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் போகிறது.

பின்பக்கத்துக்கு நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒரு தகடு கூட்டிப் போடுவது. நெல் ஏற்றும் நாளில் நல்லதுதான். வெறும் வண்டியாக ஓடும் மற்ற நாட்களில் அதே தகடு பின்சக்கரத்தைக் கிறவலில் துள்ளவைக்கும், துள்ளும் சக்கரத்தில் பிடிப்பில்லை. ஆகவே முதலில் உங்கள் பாரத்தை அறியுங்கள். சம்மாந்துறைப் பக்கம் பெரிய மில்களில் லொறித் தராசு இருக்கிறது. வழமையாக ஏற்றும் பாரத்தோடு போய், முன்சக்கரங்களை மட்டும் ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் ஒருமுறை, முழு வண்டியை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அந்த மூன்று எண்களோடு ஸ்பிரிங் கடைக்குப் போனால் பேச்சே வேறாகிவிடும். நல்ல கொம்பனிகள் ஒரே வண்டிக்கு வெறும் பாரம், 300 கிலோ, 500 கிலோ என்று வெவ்வேறு ஸ்பிரிங் செய்கின்றன. எந்தநாளும் ஐஸோடு றெஜிபோம் பெட்டி அடுக்கிப் போகும் மீன்காரருக்கும், மாதத்துக்கொருமுறை அறுகம்பைக்குக் குடும்பத்தோடு போகிறவருக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது.

சொக்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது கவலை. பாணமையிலிருந்து உகந்தை, குமண பக்கம் போகும் கிறவலில் வரிவரியாக மேடு விழுந்த இடத்தில் சற்று நேரம் ஓடிவிட்டு இறங்கி, சொக்கின் உடம்புக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள், அனல் அடிக்கும். சூடேறிய ஒயில் தளர்ந்து நுரைத்ததும் சொக் வேலையை விட்டுவிடும், வண்டி அலையத் தொடங்கும். உயரத்தைத் தொடாமல் நல்ல சொக் நாலு மட்டும் மாற்றிய வண்டி, நாலு அங்குலம் தூக்கி மலிவு சொக் போட்ட வண்டியைவிட அந்த ரோட்டில் நிம்மதியாக ஓடும். பஞ்சிகாவத்தையில் கழற்றிய சொக் வாங்காதீர்கள். ரிம் வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், கழற்றிய சொக்கின் உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

தூக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் முன் அச்சின் சி.வி. ஜொயின்ட் மடங்கும் கோணம் கூடி, றப்பர் கிழிந்து, கிறீஸ் போய், மண் ஏறும். இரண்டு அங்குலத்துக்கும் எலைன்மென்ட் பார்த்தே ஆகவேண்டும். பழைய புஷ், போல் ஜொயின்ட் எல்லாவற்றையும் முதலில் மாற்றியிருக்கவேண்டும்.

இன்னுமொன்று. பின் டிஃபுக்கு மேலே குனிந்து பாருங்கள். பல ஹைலக்ஸிலும் வேறு சில கெப்களிலும் டிஃபிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போய், சேசிஸில் பூட்டிய சின்ன வால்வு ஒன்றோடு சேரும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழும்போது அந்தக் கம்பி வால்வைத் தள்ளி, பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வெறும் வண்டியில் அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கியதும் அந்த வால்வுக்கு வண்டி எப்போதும் வெறுமையாகவே தோன்றும். பத்து மூடை நெல் ஏற்றி மிதித்தாலும் பின்பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும், முழு வேலையும் முன்பிரேக்குக்கு. அந்தக் கம்பியின் தாங்கியை உயர்த்திச் சரிசெய்வது பெரிய வேலையே இல்லை. ஆனால் தூக்கும் கராஜ் பலவற்றில் அதைத் தொடுவதில்லை, கேட்டால் விழிக்கிறார்கள். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடுகிறதா என்பதையும் ஜக் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் காட்டாத கராஜில் வண்டியை விடவேண்டாம்.

உயர்ந்த வண்டி கவிழும் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. சுவீடன் நாட்டு வாகன இதழான டெக்னிகென்ஸ் வேர்ல்ட் 2007இலும் 2016இலும் ஹைலக்ஸை ஒரு சோதனைக்கு உட்படுத்தியது. ரோட்டில் திடீரென மான் வந்தால் ஒடித்துத் திரும்புவதைப் போன்ற சோதனை. மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றரில் வண்டி ஒரு பக்கச் சக்கரங்களில் எழுந்தது. அது கொம்பனியிலிருந்து வந்த உயரத்திலேயே இருந்த வண்டி. நமக்கு மான் வேண்டாம், கோமாரிப் பக்கம் இரவில் ரோட்டில் படுத்திருக்கும் எருமை போதும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் தம்பிமார் தூக்குவதற்குச் சொல்லும் கடைசிக் காரணம் ஒன்றிருக்கிறது. "வெள்ளம் வந்தால் ஊருக்கு உதவலாம் காக்கா." இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். வெள்ளம் வந்த வருடங்களில் சமைத்த சாப்பாட்டுப் பார்சலோடு, மருந்தோடு, கர்ப்பிணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியவர்கள் நீங்கள்தான். அதனால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேசவேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் 26ஐ இந்தப் பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து விடுமுறையில் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு மெசின், மாவடிப்பள்ளியில் ரோட்டுக்கு மேலே பாய்ந்த வெள்ளத்தில் சரிந்தது. பிள்ளைகள் பலர் ஷஹீதானார்கள். நாட்கணக்கில் தேடினார்கள். அது உங்கள் கெப்பைவிட உயரமான பெரிய சக்கரம் கொண்ட மெசின். கெப் போகாது, மெசின் போகும் என்ற நம்பிக்கையில்தான் நம் ஆட்கள் காலம் காலமாக வெள்ளத்தில் மெசினில் ஏறுகிறார்கள். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக. யாரையும் குறை சொல்ல நான் இதை எடுக்கவில்லை. உயரமான சக்கரம் ஓடும் தண்ணீரில் எவ்வளவுக்கு உதவும் என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே கிடைத்த பதில் அது.

ஏன் அப்படி? தண்ணீர் கெப்பின் அடித்தட்டைத் தொட்டதும், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பத்துச் சென்றிமீற்றருக்கும் அரைத்தொன் அளவு பாரத்தைத் தண்ணீர் தூக்கிக்கொள்ளும். வெறும் கெப்பின் எடையே இரண்டு தொன் அளவுதான். அடித்தட்டுக்கு மேல் இரண்டு சாண் தண்ணீர் ஏறினாலே சக்கரத்தின் கீழே தரையை அழுத்தும் பாரம் சொற்பமாகிவிடும். அழுத்தமில்லாத டயருக்குப் பிடிப்பில்லை, எம்.டி.யாக இருந்தாலும் சரி. நீங்கள் ஆசையாகப் போட்ட பெரிய டயர் உள்ளே காற்றடைத்த மிதவை. 285/70 டயர் ஒன்று முழுதாக மூழ்கினால் நூறு கிலோ அளவுக்கு மேலே தள்ளும். அந்த நேரத்தில் தண்ணீர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் வண்டி ரோட்டை விட்டு நகர்வதற்கு ஆழம் தேவையில்லை. அறுபது சென்றிமீற்றர் ஓடும் தண்ணீர் கெப் வகை வண்டிகளையும் அடித்துக்கொண்டு போகும் என்பது அமெரிக்க வானிலை நிலையத்தின் எச்சரிக்கை. முழங்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ரெவோவின் கையேட்டில் 700 மில்லிமீற்றர் தண்ணீர் என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அது நிற்கும் தண்ணீருக்கு, அடி தெரிந்த தரைக்கு. காரைதீவு – அம்பாறை ரோட்டில் இரு பக்கமும் வட்டை நிரம்பி, ரோட்டுக்கு மேலால் தண்ணீர் குறுக்கே பாயும்போது, தார் எங்கே முடிகிறது, பக்கத்து மண் எங்கே கரைந்துபோனது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்னோக்கல் இஞ்சினுக்கு மூச்சு விடும், வண்டியை நிலத்தில் பிடித்து வைக்காது. பின்தட்டில் இருபது பேரை ஏற்றினால் பாரம் கூடி நிற்கும் என்று ஒரு தம்பி சொன்னார். அந்த இருபது பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து பயப்படும் நிமிடத்தை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே உதவும் எண்ணத்தில் வண்டி தூக்கவிருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு கோரிக்கை. அந்த உயரத்துக்குச் செலவாகும் காசில் ஒரு பங்கை வேறு விதமாகப் போடுங்கள். ஊருக்குப் பத்து உயிர்காப்புச் சட்டை, மிதக்கும் கயிறு இரண்டு சுருள், நல்ல டோர்ச். நம்மிடம் இல்லாதது உயரமான கெப் அல்ல. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கரையெல்லாம் தோணியும் இயந்திரப் படகும் நிற்கின்றன, தண்ணீரை வாசிக்கத் தெரிந்த மீனவர்கள் இருக்கிறார்கள். வெள்ள நாளில் கெப்பின் வேலை படகைப் பின்தட்டில் ஏற்றி, தண்ணீர் தொடங்கும் இடம்வரை கொண்டுபோய் இறக்குவது. அதற்கு நல்ல டயர், பாரம் தாங்கும் ஸ்பிரிங், ஒழுங்காகப் பிடிக்கும் பிரேக் வேண்டும். நாலு அங்குலம் வேண்டாம்.

மழைக்கு முன் ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு கெப் வைத்திருப்பவர்களும் படகு வைத்திருப்பவர்களும் பள்ளிவாசல் முற்றத்தில் ஒன்றாக உட்காருங்கள். எந்தக் கெப்பில் எந்தப் படகு ஏறும், யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்று ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் கொடுங்கள். தண்ணீர் ரோட்டுக்கு மேலால் ஓடும் இடத்தில் ஆளை ஏற்றிய வண்டி எதுவும் இறங்காது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்கள். கராஜ் நடத்தும் காக்காமாரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். டிஃபுக்கு மேலுள்ள அந்த வால்வைப் பற்றி அவர்களோடு பேச எனக்கும் நிறைய இருக்கிறது, எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு நான் வருகிறேன்.

வஸ்ஸலாம்.

நிந்தவூரிலிருந்து, உங்களைப்போலவே கெப் ஓட்டும் ஒரு காக்கா